போர்த்துளை முரண்டு பிடித்தால் என்ன செய்வது? கடலூர், பாகூர் மண்ணில் பழுப்பு நிலக்கரி தேடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

விருத்தாசலம், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, வடக்கே புதுச்சேரியின் பாகூர் என்று எங்கே நிலக்கரி தேடிப் போர் போட்டாலும் ரிக்கில் (துளையிடும் இயந்திரத்தில்) வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காரணம் மண்தான். மேலே செம்மண்ணும் செம்புறைக்கல்லும். பாகூர்ப் பக்கம் போனால் அதற்குப் பதில் தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டல். அதன் கீழே கடலூர் மணற்கல் என்று பேர் வாங்கிய மணலும் களியும் மாறி மாறி வரும். பேரில் கல் இருந்தாலும் பாதி இடத்தில் அது கையால் பொடிக்கக்கூடிய மணல். அதற்குள் கரி, கரிக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கரியை மூடியிருக்கும் மண் 45 முதல் 110 மீட்டர். கரியின் கனம் 8 முதல் 26 மீட்டர்.

தண்ணீருக்குப் போர் போட்டுப் பழகியவர்கள் இந்த வேலைக்கு வரும்போது ஒன்றை மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே தண்ணீர் வந்தால் வேலை முடிந்தது. இங்கே துளை நமக்குப் பொருளே இல்லை. பெட்டியில் அடுக்கிய கோரும் (துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் மாதிரி), அதன் பக்கத்தில் எழுதிய ஆழமும்தான் பொருள். வேகமாக 120 மீட்டர் இறங்கிவிட்டு, கரி வந்த இடத்தில் பாதிக் கோரைத் தொலைத்திருந்தால் அந்தத் துளையைப் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

எந்தக் கோளாறானாலும் முதலில் மட் குழிக்குப் போங்கள். மட் என்பது துளைக்குள் பம்ப் செய்து சுற்றவிடும் பெண்டோனைட் களிக் கரைசல். திரும்பி வரும் மட்டின் நிறம், அளவு, அதில் வரும் துகள் மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் இன்ஜின் பக்கம் போகலாம். கீழே நடப்பது முதலில் தெரிவது அங்கேதான்.

மட் திரும்பி வரவில்லை

"அண்ணே, ரிட்டர்ன் நின்னுபோச்சு."

"பம்ப்பைக் குறை. ராடை ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்திடாத."

இந்த இரண்டு வேலையும் முதல் நிமிடத்தில் நடந்துவிட வேண்டும். மட் கீழே எங்கோ மணலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைத்த மணலும் மேலே வராமல், வெட்டும் பிட்டைச் சுழற்றும் குழாயான ராடைச் சுற்றிப் படிந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் சுழற்சியை நிறுத்தினால் அடுத்த கோளாறு ராடு சிக்குவதுதான்.

எந்த ஆழத்தில் நின்றது என்று பாருங்கள். முதல் 10, 15 மீட்டருக்குள் என்றால் செம்புறைக்கல்லின் பொந்துகள். அங்கே மட்டைக் கெட்டிப்படுத்திப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். களி தட்டும்வரை இறங்கி, கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) வைத்து, காலடியில் சிமெண்ட் விட்டு அந்தப் பகுதியையே ஒதுக்கிவிடுங்கள். ஆழத்தில் பருமணலும் கூழாங்கல்லும் வந்து நின்றால் மட்டைக் கெட்டியாக்கலாம். மட்டின் கெட்டித்தன்மையை அளக்கும் மார்ஷ் ஃபனலில் 946 மில்லி வெறும் தண்ணீர் ஓட 26 வினாடி ஆகும். களியில் 32 முதல் 36 வினாடி மட் போதும். மணலில் 40, 45 வேண்டும். இப்படி இழுக்கும் மணலில் 50க்கு மேலும் போகலாம்.

அதிலும் நிற்கவில்லை என்றால் அடைப்புப் பொருள். மரத்தூள், நெல் உமி, பொடித்த கடலைத்தோல், மைக்கா எது கிடைத்தாலும் சரி. பொடியும் சற்றுப் பெரிய துண்டும் கலந்திருந்தால்தான் அடைபடும். ஆனால் கோர் பேரல் (கோரை உள்ளே வாங்கும் இரட்டைக் குழாய்) கீழே இருக்கும்போது இதை விடவே கூடாது. இன்னர் டியூபுக்கும் அவுட்டர் டியூபுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் உமி போய் அடைத்துக்கொண்டால், மணலை அடைப்பதற்குப் பதில் பேரலை அடைத்திருப்பீர்கள். பேரலை மேலே எடுத்துவிட்டு வெறும் ராடை இறக்கி விடுங்கள்.

பெண்டோனைட் எவ்வளவு கொட்டினாலும் மட் கெட்டியாகவில்லை

கொட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கடலை ஒட்டிய புதுச்சேரி ஊர்கள் போன்ற இடங்களில் பக்கத்து வாய்க்காலிலோ போரிலோ எடுக்கும் தண்ணீரில் உப்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் பெண்டோனைட் ஊறாது, குழியின் அடியில் படியும். அங்கே டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்குவது, வீணாகும் மூட்டைகளைவிட மலிவு. தண்ணீர் வெறும் கடினத் தண்ணீராக இருந்தால் சோடா ஆஷ் கொஞ்சம் கலந்தால் சரியாகும். வரிசையும் முக்கியம்: முதலில் சோடா ஆஷ், பிறகு பெண்டோனைட், அது நன்றாக ஊறிய பிறகுதான் பாலிமர். பாலிமரை முதலில் போட்டால் பெண்டோனைட் ஊறவே ஊறாது. முடிந்தால் இரவே கரைத்து வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள்.

பம்ப் பிரஷர் முள் ஏறுகிறது, அல்லது விழுகிறது

மெதுவாக ஏறினால் துளையில் அரைத்த மண் சேர்கிறது. பிட்டைக் கொஞ்சம் தூக்கி, வெட்டாமல் சுற்றவிட்டுத் துளையைக் கழுவுங்கள். திடீரென்று ஏறி, அதே நேரம் இறங்கும் வேகமும் நின்றுபோனால் இன்னர் டியூபுக்குள் கோர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே எடுங்கள். இன்னும் அரை மீட்டர் போய்ப் பார்ப்போம் என்று அழுத்தினால் அந்த அரை மீட்டர் கோர் பிட்டுக்கு அடியில் மாவாகும். களியில் இப்படி நடந்தால் தாங்கலாம், கரியில் தாங்க முடியாது.

முள் விழுந்தால் ராடு ஜாயிண்டில் மட் அரித்துக் கிழித்திருக்கும், அல்லது பம்ப் வால்வை மணல் தின்றிருக்கும். பம்ப்பைத் தனியாக அடைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஜாயிண்ட் என்றால் ராடை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தே எடுங்கள். அரித்த ஜாயிண்ட் அடுத்த இறக்கத்தில் அறுந்து கீழே நிற்கும்.

மட்டில் மணல் 2, 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலியில் பாதி வராது. ஒரே குழியில் வேலை பார்க்காதீர்கள். படிய ஒன்று, உறிஞ்ச ஒன்று என்று இரண்டு குழி, நடுவே வளைந்து போகும் வாய்க்கால். குழியைச் சுற்றி வேலி கட்டுங்கள். ஆடும் மாடும் தண்ணீர் என்று நினைத்து வரும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வரும். பெண்டோனைட் குழியில் காலை விட்டால் எழுந்து வருவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

ராடு சிக்கிக்கொண்டது

இழுக்கும் முன் மூன்று கேள்வி: மட் திரும்புகிறதா? ராடு சுற்றுகிறதா? மேலும் கீழும் கொஞ்சமாவது நகர்கிறதா?

மட் திரும்பவில்லை, சுற்றவும் இல்லை என்றால் மணல் சரிந்து ராடைச் சுற்றி இறுகிவிட்டது. மேலே இழுத்தால் இன்னும் இறுகும். பம்ப்பைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு விட்டுத் தட்டி, ராடைக் கீழ்நோக்கி ஆட்டி, மட்டுக்கு வழி பிறக்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

மட் நன்றாகத் திரும்புகிறது, ஆனால் ராடு சுற்றவும் இல்லை, நகரவும் இல்லை என்றால் கதை வேறு. ராடு மணல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரன் (பேரலை ஒரு முறை இறக்கிக் கோர் எடுப்பது) முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள், ராடு மணல் பகுதியில் அசையாமல் நின்றிருக்கும், மட் தேவைக்கு மேல் கனமாக இருந்திருக்கும். மட்டை நீர்க்கச் செய்தால் விடும். ஆனால் துளை ஏற்கெனவே கரியைத் தாண்டியிருந்தால் அதைச் செய்யும் முன் பின்னால் வரும் 'தண்ணீர் தானாகப் பொங்குகிறது' பகுதியைப் படித்துவிடுங்கள். டீசல் ஊற்றி ஊறவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வயல்வெளியில், ஊர் குடிக்கும் தண்ணீர் மணலுக்கு நடுவே, அதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது வகை, ராடு சுற்றுகிறது, மட் திரும்பி வருகிறது, ஆனால் மேலே தூக்கும்போது ஒரே இடத்தில் பிடிக்கிறது. அங்கே களி ஊறித் துளையைச் சுருக்கியிருக்கிறது. இழுவிசையைக் கூட்டாமல், சுற்றிக்கொண்டே அந்த இடத்தைத் திரும்பச் சீவிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை அந்தக் களிக்குள் போகும் முன் மட்டில் பாலிமர் சேருங்கள், தண்ணீர் களிக்குள் இறங்குவது குறையும்.

கரியில் கோர் வரவில்லை

துளை போட்டதே இதற்காகத்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், கரி வரப்போவதைத் தெரிந்துகொள்வது. மணலில் கரகரத்துக்கொண்டிருந்த ரிக் சத்தம் தணியும். அதே அழுத்தத்தில் இறங்கும் வேகம் கூடும். சற்று நேரத்தில் மட் குழியில் சாம்பல் நிறம் மாறிக் கரும்பழுப்பு வரும். இந்த மூன்றில் முதல் இரண்டு தெரிந்ததும் நிறுத்திவிடுவதுதான் நல்ல டிரில்லரின் அடையாளம். மட்டின் நிறம் மாறக் காத்திருந்தால் தாமதம். துகள் 80 மீட்டரிலிருந்து மேலே வர நேரம் ஆகும், அதற்குள் கரியின் முதல் அடியை அரைத்திருப்பீர்கள். ரிக் லேசானதும் பிட்டைத் தூக்கி, ராடை அளந்து, ஆழத்தை எழுதி, ரன்னை அங்கேயே முடியுங்கள். கரியின் மேல்முகம் அடுத்த ரன்னின் தொடக்கத்தில் சுத்தமாக வரட்டும்.

கரிக்குள் நுழைந்ததும் பழக்கத்தை மாற்ற வேண்டும். மணலில் பம்ப்பைக் கூட்டினால்தான் துளை சுத்தமாகும். கரியில் கூட்டினால் கோர் கரைந்து போகும். பிட்டின் வாயில் பீய்ச்சும் தண்ணீர் மெத்தென்ற கரியை, அது டியூபுக்குள் ஏறும் முன்பே, கழுவித் தள்ளிவிடும். எனவே பம்ப் குறைந்தபட்சம், ரன் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுழற்சி நிதானம். பிட் முகத்தில் தண்ணீர் வெளியேறும் வகை வேண்டும். உள்விளிம்பு வழியாக விடும் பிட் கரிக்கு ஆகாது. டிரிபிள் டியூப் பேரல் இருந்தால் கரிக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிளக்கும் உள்ளுறையில் வந்த கோரைத் தட்டி எடுக்க வேண்டியதில்லை. திறந்தால் கீழே கிடந்தபடியே கிடக்கும்.

இவ்வளவும் செய்தும் டியூப் வெறுமையாக வந்தால் கோர் லிஃப்டரை (கோரைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) பாருங்கள். மணற்கல்லில் தேய்ந்த லிஃப்டர் கல்லைப் பிடிக்கும், கரியைப் பிடிக்காது. விரலால் அழுத்தினால் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் மாற்றுங்கள், விலை கொஞ்சம்தான். ரன் முடிந்ததும் பம்ப்பை நிறுத்தி, கொஞ்சம் நேரம் விட்டு, மெதுவாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் கோர் நழுவித் துளையிலேயே நிற்கும். அடுத்த ரன்னில் அது மேலே வரும். இதனால்தான் ஒரு ரன்னில் வெட்டிய நீளத்தில் 60 சதவீதக் கோரும் அடுத்ததில் 130 சதவீதமும் வருவதுண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து எழுத வேண்டும். களியில் 100க்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் ஊதியது. அளவை அப்படியே எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்.

கரியா, கரிச்சத்துள்ள களியா என்று சந்தேகம் வந்தால் ஈரமாக இருக்கும்போதே கையில் உருட்டிப் பாருங்கள். களி உருளும், விரலில் வழுவழுப்பாக ஒட்டும், கைக்குக் கனக்கும். கரி உருளாது, உடையும், அளவுக்கு லேசாக இருக்கும், சில துண்டுகளில் மர இழையே தெரியும். வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் துண்டுகளும் வரும். அவற்றைக் கரி என்றும் எழுதாதீர்கள், களி என்றும் எழுதாதீர்கள். இன்ன ஆழத்திலிருந்து இன்ன ஆழம்வரை கரிக்களி என்று தனியாக எழுதி, சாம்பல் சோதனைக்கு அனுப்புங்கள். தடிமனைக் கூட்டிக் காட்ட ஆசைப்பட்டு இதைக் கரிக் கணக்கில் சேர்க்கும் கை எங்கேயும் இருக்கிறது. அந்த ஆசை துளையில் தொடங்கி, நிலம் எடுக்கும் திட்டம்வரை போகும்.

பெட்டியில் வைத்த கரி வெடிக்கிறது

நெய்வேலிக் கரியின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். கலோரி மதிப்பு கிலோவுக்கு சுமார் 2,400 முதல் 3,000 கிலோகலோரி என்று சொல்வது இந்த ஈரத்தோடு சேர்த்துத்தான். சித்திரை வெயிலில் பெட்டியைத் திறந்து ஒரு மதியம் வைத்தால் கோர் சுருங்கி, குறுக்கே வெடித்து, ஈரம் ஓடிவிடும். பிறகு சோதனைக்கூடத்தில் வரும் கலோரி உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, கோர்தான் காய்ந்துவிட்டது.

டியூபிலிருந்து எடுத்ததும் மேலே ஒட்டிய மட்டை ஈரத்துணியால் துடைத்து, அளந்து, படம் எடுத்து, எழுதி, உடனே பாலிதீனில் இறுக்கச் சுற்றி முனைகளை ஒட்டுங்கள். நீரில் கழுவாதீர்கள். வெடித்த கோர் ஏற்கெனவே கையில் இருந்தால் தண்ணீர் தெளித்துப் பழையபடி ஆக்க முயல வேண்டாம். காய்ந்தது என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

ராடு கணக்கும் லாகிங் கணக்கும் ஒத்துவரவில்லை

லாகிங் என்பது துளைக்குள் கருவியை இறக்கி ஆழம்வாரியாக அடுக்குகளை அளப்பது. வித்தியாசம் சரியாக ஒரு ராடு நீளம், அதாவது 3 மீட்டர் என்றால் யாரோ ஒரு ராடை எழுதவில்லை, அல்லது இரண்டு முறை எழுதிவிட்டார். ராடை மேலே எடுக்கும்போது அடுக்கி வைத்து எண்ணுங்கள். நோட்டைப் பார்த்து எண்ணாதீர்கள். சில்லறை வித்தியாசம் என்றால் தரைமட்டத்திலிருந்து அளந்தீர்களா, கேசிங் விளிம்பிலிருந்து அளந்தீர்களா என்று பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஆள் மாறுவார், அளக்கும் இடமும் மாறிவிடும். கேசிங்கில் ஒரு பெயிண்ட் கோடு போட்டு எல்லோரும் அங்கிருந்தே அளக்கட்டும்.

ஒரு மீட்டர் பிழை சின்னதாகத் தோன்றும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் கனக் கரி என்றால் பத்து லட்சம் கன மீட்டர். அடர்த்தி 1.15 என்று வைத்தாலே 11.5 லட்சம் டன். பாகூர்ப் படுகையில் 40 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது என்று புவியியல் ஆய்வுத் துறை கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட எண்கள் எல்லாமே துளைப் பக்கத்தில் யாரோ டேப்பைப் பிடித்து எழுதிய எண்களில்தான் நிற்கின்றன.

லாகிங் வரைபடத்தைப் படிப்பதிலும் இந்த மண் ஏமாற்றும். கரியில் காமா (இயற்கைக் கதிர்வீச்சு) குறையும், ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) ஏறும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கடலூர் மணற்கல்லில் நல்ல தண்ணீர் நிறைந்த சுத்தமான மணலும் அதே இரண்டையும் காட்டும். பிரித்துக் காட்டுவது டென்சிட்டிதான்: மணல் 2ஐ ஒட்டி நிற்கும், கரி 1.2ஐ ஒட்டி விழும். ஆனால் சுவர் சரிந்து துளை அகலமான இடத்திலும் டென்சிட்டி விழும். எனவே பக்கத்தில் துளையின் அகலம் காட்டும் கேலிப்பர் கோடு இல்லாமல் கரி என்று குறிக்காதீர்கள்.

டென்சிட்டி கருவியில் கதிரியக்க மூலம் இருக்கிறது. அது துளையில் சிக்கினால் இழந்த ராடைப் போல விட்டுவிட்டுப் போக முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்வரை பதில் சொல்ல வேண்டும். முதலில் துளையைக் கழுவி, அதே அளவுள்ள வெறும் குழாயை அடிவரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். தங்கு தடையில்லாமல் போனால் மட்டும் கருவியை இறக்க விடுங்கள்.

தண்ணீர் தானாகப் பொங்குகிறது

நெய்வேலியின் கதையே இப்படித்தான் தொடங்கியது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் பொங்கிய தண்ணீரோடு கரிய துகள்கள் வருவதைக் கவனித்து அரசுக்குச் சொன்னார். 1943 முதல் 1946 வரை புவியியல் ஆய்வுத் துறை துளை போட்டுப் பார்த்தது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். கரிக்குக் கீழே சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கத்தின் அடித்தளம் நிற்காது. நம் துளை அந்தத் தண்ணீரின் மூடியில் போடும் ஓட்டை. இதை மறக்கவே கூடாது.

பொங்குவதற்கு முன் அறிகுறி உண்டு. பம்ப்பை நிறுத்திய பிறகும் மட் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருக்கும். குழியில் மட்டம் ஏறும், மட் நீர்த்துப்போகும். ஒவ்வொரு ராடு சேர்க்கும்போதும் பம்ப்பை நிறுத்தி ஒரு நிமிடம் துளை வாயைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இதைத் தவறவிட மாட்டீர்கள்.

தேவையான மட்டின் கனத்தைக் கணக்குப் போட்டே எடுங்கள். ஊற்று 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தண்ணீர் தரைக்கு மேலே 5 மீட்டர் உயரம்வரை எழும்பும் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் மட் நிரல் 105 மீட்டர் தண்ணீர் நிரலைத் தாங்க வேண்டும். அடர்த்தி 1.05 வந்தால் சமன். கையிருப்புக்கு 1.10 வையுங்கள். பெண்டோனைட் மட்டும் கலந்த மட் 1.05ஐ ஒட்டித்தான் நிற்கும். மணல் சேர்ந்து கனத்திருந்தால் அந்தக் கனத்தை நம்பாதீர்கள், பம்ப் நின்றதும் மணல் படிந்துவிடும். ஆயிரம் லிட்டர் மட்டை 1.05இலிருந்து 1.10க்கு ஏற்ற சுமார் 70 கிலோ பேரைட்ஸ் (கனமான தாதுப் பொடி) வேண்டும். ஆந்திராவின் மங்கம்பேட்டையிலிருந்து வரும் அதே பொடிதான். கரியை நெருங்கும் முன்பே மூட்டைகள் தளத்தில் இருக்க வேண்டும். பொங்கிய பிறகு லாரிக்குச் சொல்லிவிட்டால் லாரி வருவதற்குள் வயல் ஏரியாகிவிடும்.

எழும்பும் உயரம் குறைவாக இருக்கும் இடத்தில் இன்னொரு எளிய வழியும் உண்டு. கேசிங்கைத் தரைக்கு மேல் நீட்டிக் கட்டினால், தண்ணீர் தன் உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். ஆனால் இது பலிக்க, கேசிங் கரிக்கு மேலுள்ள களியில் நன்றாக அமர்ந்து சிமெண்ட் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கேசிங்கின் வெளிப்பக்கமாகக் கிளம்பி ரிக்கின் காலடி மண்ணையே அரிக்கும். வெளிப்பக்கக் கசிவு கண்ணில் பட்டால் மற்றதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஆட்களையும் ரிக்கையும் பின்னுக்கு எடுங்கள். இந்தப் பகுதியில் கேசிங் தலையில் கேட் வால்வு இல்லாமல் கரியைத் தாண்டித் துளைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர்க்காரர்கள் ரிக்கை மறிக்கிறார்கள்

இதையும் கோளாறு என்று எழுதுவதற்குக் காரணம், இதற்கும் அறிகுறியும் காரணமும் இருக்கிறது என்பதுதான். இந்த மாவட்டத்தில் கரிக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. ரிக் வந்தாலே நிலம் போகிறது என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி உட்பட டெல்டாவின் மூன்று தொகுதிகள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதே மக்கள் குரலுக்குப் பிறகுதான். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டாரங்கள் 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வருகின்றன. புள்ளி எந்த வட்டாரத்தில் விழுகிறது, என்ன அனுமதி இருக்கிறது என்று தெரியாமல் மாஸ்டை (ரிக்கின் கோபுரம்) தூக்காதீர்கள்.

நிலத்துக்காரரை முதலில் பாருங்கள், காகிதத்தைக் கையில் கொடுத்துப் படிக்க விடுங்கள். "தம்பி, இதுக்கப்புறம் நெலத்த எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டால், "அத முடிவு பண்றது நான் இல்லீங்க ஐயா. இந்தத் துளையில என்ன வருதோ அத மாத்தாம எழுதுறது என் வேல. முடிஞ்சதும் மூடிக் குடுப்பேன்" என்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை வரும், பணம் வரும் என்று சொல்வது நம் வாயில் வரக்கூடாத வார்த்தை. முந்திரித் தோப்பில் கிளை ஒடிந்தால், நெல்லில் டயர் இறங்கினால் அன்றைக்கே அளந்து நஷ்டத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேலே மின்கம்பி போகும் இடத்தில் புள்ளி விழுந்திருந்தால் புள்ளியை நகர்த்தச் சொல்லி எழுதுங்கள். மாஸ்டைச் சாய்த்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

மூடிய துளையில் ஈரம் கசிகிறது

மேலிருந்து மண்ணைக் கொட்டி மூடிய துளையில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மண் நடுவழியில் அடைத்துக்கொண்டு நிற்கும், கீழே துளை திறந்தே இருக்கும். மேல் மணலின் நீரும் கரிக்குக் கீழுள்ள நீரும் கலக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பு நீர் நல்ல நீருக்குள் இறங்க வழி கிடைக்கும். அந்தத் துளை ஊரின் குடிநீரைக் கெடுப்பது நாம் போன பிறகு தெரியவரும், அப்போது கேட்க ஆள் இருக்காது.

சரியான வழி, ராடை அடிவரை இறக்கி அதன் வழியே சிமெண்ட் கூழை விட்டு, கீழிருந்து மேலே நிரப்புவது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். ஒரு மூட்டையில் சுமார் 41 லிட்டர் கூழ் வரும். 96 மில்லிமீட்டர் துளையில் மீட்டருக்கு 7.2 லிட்டர் பிடிக்கும். 100 மீட்டருக்கு 18 மூட்டை, சரிவுக்கும் கசிவுக்கும் கால் பங்கு கூட்டி 22, 23 மூட்டை. கூழின் அடர்த்தி 1.8 இருப்பதால் ஒரே மூச்சில் நிரப்பினால் கீழ் மணல் அதை விழுங்கும். 30 மீட்டர் நிரப்பி, ராடைத் தூக்கி, இறுக விட்டு அடுத்த கட்டம் போங்கள். கூழ் விடும்போது மட்டும் ராடின் நுனி கூழுக்குள் இருக்கட்டும்.

ஏற்கெனவே கசிகிற துளை என்றால் மேலே குழைத்துப் பூசுவதால் பயன் இல்லை. சிறிய பிட்டால் திறந்து, அடைப்பைத் தாண்டி, மேலே சொன்ன கனமான மட்டால் ஊற்றை அடக்கி, அடியிலிருந்து திரும்பக் கூழ் விட வேண்டும். அடுத்த நாள் சிமெண்ட் மட்டம் இறங்கியிருந்தால் மேலே ஊற்றி நிரப்புங்கள். உழும் ஆழத்துக்குக் கீழே கேசிங்கை வெட்டி, மட் குழியின் பெண்டோனைட்டை அள்ளிக்கொண்டு போய், மேல்மண்ணைப் போட்டு மூடி, துளையின் இருப்பிடத்தையும் ஆழத்தையும் விட்ட மூட்டைக் கணக்கையும் எழுதி நிலத்துக்காரரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பின்னாளில் அவர் அதே கொல்லையில் தண்ணீருக்குப் போர் போடும்போது அந்தத் தாள் அவருக்குத் தேவைப்படும்.